சத்தம் கேட்டுச்சா?

என் இடது முழங்காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. தலவாக்கலையில் ஒரு பாலர் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் பாயில் சம்மணம் போட்டு உட்கார, நான் மட்டும் அவர்களுடைய குட்டி நாற்காலி ஒன்றில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. மழை வருவதற்கு முன்னால் உள்ளே ஏதோ குடையும். எங்கள் பக்கத்தில் மழை வராத நாள் குறைவு, ஆகவே குடையாத நாளும் குறைவு.

இந்தக் கால் யாரால் போனது என்ற கேள்விக்குப் பன்னிரண்டு வருடமாக என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. என்னால். போன மாதம் வரைக்கும் அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அக்கா எங்கள் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். கீழ்க்கணக்கில் கொழுந்து எடுத்தார். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் எங்கள் பக்கம் கணக்கு என்போம். ஆற்றோரம் இருந்த எங்களுடையது கீழ்க்கணக்கு, மலையுச்சியில் இருந்தது மேக்கணக்கு. அக்காவுக்கு ஆளைப் பார்த்தால் முகம் இரண்டாவதுதான். முதலில் கால். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட வரிசையாக நிற்கும்போதே கண் கீழே போய்விடும். நீ ஏன் ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கிறே, செருப்புல உள் பக்கம் மட்டும் ஏன் தேயுது என்று கேட்டு உயிரை வாங்குவார். ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் மணப்பெண்ணின் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணுக்குக் குதிகால் வலி இருப்பதாக என் காதில் சொன்னார். விசாரித்தால் உண்மை. ஒரு மாதமாக வலியாம், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லையாம்.

இன்னொன்று, அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. இஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் பின்னால் ஒரு வொலிபோல் மைதானம் இருந்தது. நாங்கள் எட்டுப் பெண்கள் அங்கே விளையாடினோம். கொழுந்து நிறுத்து முடிந்ததும் நேரே ஓடி வருவோம். அக்கா ஒரு நாளும் விளையாடியதில்லை. கோட்டுக்கு வெளியே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். நடுவராக நின்றவர் ஒரு தடவை, அந்த அம்மாவை எங்கேயாவது உட்காரச் சொல்லுங்கள், எனக்குத் தலை சுற்றுகிறது என்று கெஞ்சினார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்களைச் சும்மாவும் விடமாட்டார். நாளெல்லாம் மலையில் நின்று, குளிரிலும் ஈரத்திலும் விறைத்துப்போன காலோடு வந்து அப்படியே எகிறக்கூடாது. முதலில் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். கெண்டைக்காலை இழுத்து விட வேண்டும். தோளைச் சுழற்ற வேண்டும். உடம்பில் சூடு ஏறிய பிறகுதான் பந்து. அதற்குள் இருட்டிவிடும் என்று நாங்கள் முணுமுணுப்போம். பிறகு பிள்ளைக்காம்பிராவின் படியிலிருந்து குதிக்கச் சொல்வார். பகலில் தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடம் அது. அதன் மூன்றாவது படியிலிருந்து குதித்து, இரண்டு காலிலும் ஒன்றாக, முழங்காலைச் சற்று மடக்கி, முட்டி உள்பக்கம் சாயாமல் இறங்க வேண்டும். தொம்மென்று சத்தம் வந்தால் மறுபடி. நான்தான் அதிகம் மறுபடி குதித்தேன். எனக்கு எப்போதும் இடது கால் முந்திக்கொள்ளும், முட்டியும் உள்ளே சாயும்.

“சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்துச்சுன்னா ஏதோ ஒண்ணு அடி வாங்குதுன்னு அர்த்தம்” என்பார்.

இதையெல்லாம் அவர் எங்கேயும் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரு வீட்டில் மூன்று வருடம் வேலைக்கு இருந்தார். அந்த வீட்டுப் பையன் றகர், அதாவது ரக்பி விளையாடுகிறவன். தினமும் எங்கேயாவது அடிபட்டு வருவான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைப்பது, அழுத்திக் கட்டுவது, காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது எல்லாம் அக்காவின் வேலை. சமையலை விட அதுதான் அதிகமாம். அவனுடைய டாக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். முழங்கால் என்றால் முதல் கேள்வியாகச் சிங்களத்தில், “சத்தயக் எஹுனத?” என்பாராம். சத்தம் கேட்டதா என்று அர்த்தம். உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்டிருந்தால் நரம்பு மாதிரியான ஒன்று அறுந்திருக்கிறது, அதோடு ஆட்டம் முடிந்தது. அப்புறம் அந்தக் காலை ஊன்றவே கூடாது. அக்கா இந்தக் கேள்வியை மட்டும் வேதம் மாதிரி வைத்திருந்தார். யார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் ஓடிப்போய்க் குந்தி, முகத்துக்கு நேரே கேட்பார். “சத்தம் கேட்டுச்சா?”

ஐஸுக்குத் தோட்டத்தில் எங்கே போவது? சந்தியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் மட்டும்தான் குளிர்பெட்டி இருந்தது. அதில் கட்டி கிடையாது, ஒரு சாண் நீளத்துக்கு ஒரேஞ்ச் கலரில் ஐஸ் பக்கட் இருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உறிஞ்சிக்கொண்டு திரிவதுதான். அக்கா அதில் நாலைந்து வாங்கி வந்து பழைய சேலைக் கிழிசலில் சுற்றிக் கணுக்காலில் வைப்பார். பக்கட் ஓட்டையானால் கால் முழுக்க ஒட்டும், எறும்பு வரும். மருந்து உருகுவதற்குள் எங்களில் யாராவது குடித்துவிடுவதும் உண்டு. பின்னேரத்தில் அக்காவைக் கண்டாலே எத்தனை பேருக்குக் கால் போச்சு என்று நானா கேட்பார். நாங்கள் வைத்த பெயரும் ஐஸ் பக்கட் அக்கா. அது தெரிந்தும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அவருடைய பெரிய சண்டை எண்ணெயோடுதான். எங்கள் சனத்துக்கு எது நடந்தாலும் சுளுக்கு. கணுக்கால் பிரண்டாலும் சுளுக்கு, விரல் விலகினாலும் சுளுக்கு, எலும்பு முறிந்தாலும் மூன்று நாளைக்குச் சுளுக்கு. உடனே எண்ணெயைக் காய்ச்சிச் சூடாகத் தேய்த்து ஒரு இழுப்பு இழுப்பார்கள். எங்கள் லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கத்து லயத்தில் சுளுக்கு வழிக்கிற ஒருவர் இருந்தார், நல்ல மனிதர், காசு கேட்க மாட்டார். எங்கள் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற பெண், வலைக்கடியில் இன்னொருத்தியின் பாதத்தின் மேல் இறங்கிக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டாள். அன்று ராத்திரியே அவர் வழித்தார். காலையில் அது பூசணிக்காய் மாதிரி நின்றது. அக்கா நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். புதுசாப் பட்ட அடியில் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும், அதில் சூடு வைத்துத் தேய்த்தால் இன்னும் கசியத்தானே செய்யும், மூன்று நாளைக்குக் கையை வைக்காதீங்க என்று கத்தினார். அவர் தாத்தா காலத்துக் கதை சொன்னார். அக்கா விடவில்லை. கடைசியில் முதல் மூன்று நாள் அக்காவுக்கு, நாலாம் நாள் அவருக்கு என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது. அந்தச் சமாதானம் எல்லா லயத்திலும் சட்டமாகவே இருந்தது.

அக்காவுக்குக் கீழ்க்கணக்கு மேக்கணக்கு என்ற பேதம் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. ஒரு ஆட்டத்தில் மேக்கணக்குப் பெண் ஒருத்தி கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வளைந்துவிட்டது. அவளுடைய ஆட்களே திகைத்து நிற்க, அக்கா எங்கள் பக்கமிருந்து வலைக்கடியில் நுழைந்து ஓடினார். தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கக் கொழுந்து எடுப்பவர்கள் வைத்திருக்கும் மட்டக்கம்பு ஒன்றை முறித்து, கையோடு சேர்த்து வைத்துக் கட்டி, கழுத்தில் தூளியாகத் தொங்கவிட்டார். இழுத்து நேராக்கப் போன ஒருத்தியின் கையில் அடித்தே விட்டார். எதிரணிக்கு இப்படி மாரடிக்கிறாரே என்று எங்களுக்கு எரிச்சல். எனக்கும்தான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மேக்கணக்கோடு இறுதி ஆட்டம். எனக்கு வயது பத்தொன்பது. அம்மாவோடு கொழுந்துக்குப் போகத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. மாவட்ட அணிக்கு ஆள் பார்க்க வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து, இஸ்டோர் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாவட்ட அணிக்குப் போனால் விளையாட்டுக்காகவே ஒரு வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நாற்காலிக்காகத்தான் நான் அன்று ஆடினேன். மூன்றாவது சுற்று. இன்னும் நாலு பொயின்ட் எடுத்தால் எங்களுக்கு வெற்றி. வலையோரம் எகிறி ஒரு பந்தை அடித்தேன். இறங்கும்போது இடது கால் முந்திக்கொண்டது, முட்டி உள்ளே சாய்ந்தது.

டப்.

காய்ந்த சுள்ளியை முறித்தது போல இருந்தது. வலி உடனே வரவில்லை. அக்கா வந்து என் முன்னால் குந்திவிட்டார்.

“சத்தம் கேட்டுச்சா?”

நான் நாற்காலியைப் பார்த்தேன். “இல்லக்கா” என்றேன்.

அக்கா என் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து நடுவருக்குக் கையைக் காட்டினார், ஆடலாம் என்று. அவர் என்னை நம்பிவிட்டார் என்பதில் எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதி. ஒரு பந்து, இரண்டு பந்து. மூன்றாவதற்கு எகிறி இறங்கியபோது கால் எனக்கடியில் இல்லை. அப்படியே மடிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு யார் வென்றார்கள் என்பதே எனக்கு மறுநாள்தான் தெரியும். அவர்கள்தான்.

கொழுந்து லொறியில் சாக்குகளின் மேல் காலைத் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கண்டிக்கு. அங்கே பார்த்த டாக்டர் தமிழில் நிதானமாகச் சொன்னார். முதல் தடவை அறுந்தது ஒன்று, அதைச் சரிபண்ண வழி இருந்தது. அதோடு ஆடி இரண்டாம் தடவை விழுந்ததில் உள்ளே இருந்த சவ்வும் கிழிந்து நசுங்கிவிட்டது, அதுதான் மோசம். ஏம்மா மறுபடி ஆடினே என்று கேட்டார். அம்மா அழுதார்.

அதற்குப் பிறகு அக்கா மைதானத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு நாள் விடாமல் வந்தார். கால் வீங்கிக் கிடந்த நாட்களில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த உறவுக்காரர்களை வாசலிலேயே மறித்தார். அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு, காலை நீட்டித் தூக்கு, பத்து எண்ணும் வரை பிடி, இறக்கு என்று தினமும் செய்யவைத்தார். நான் அழுதால் அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஆனால் எண்ணுவதை நிறுத்த மாட்டார். எங்கள் பத்தடி அறைக்குள்ளேயே சுவருக்குச் சுவர் நடந்துகொண்டு எண்ணுவார். அம்மா எத்தனை தரம் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு பிளேன்டீ கூடக் குடிக்கவில்லை. இந்தப் பொண்ணு ஏன் நம்ம வீட்டுல வாய் நனைக்க மாட்டேங்குது, நாம என்ன குத்தம் செஞ்சோம் என்று அம்மா என்னிடம் குறைப்பட்டார். எனக்கு அது பாசமாகத்தான் தெரிந்தது. இவ்வளவு பாசமான ஆளிடம் பொய் சொல்லிவிட்டேனே என்று நெஞ்சு அறுத்தது.

ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். அக்கா, அன்னைக்குச் சத்தம் கேட்டுச்சு, உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன், என்னை மன்னிச்சிருங்க என்றேன். அக்கா நடந்துகொண்டே இருந்தார். எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணி முடித்தார். பிறகு “சரி, விடு” என்றார். அவ்வளவுதான். அந்த வருடக் கடைசியில் புருஷனுடைய சொந்தக்காரர்கள் இருந்த பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அதற்குப் பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. அந்த “சரி, விடு” என்ற மன்னிப்பை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன மாதம், பந்து தூக்கிக் கொடுப்பாளே, அவள் கொழும்பிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். அவளுடைய அண்ணன் பழைய போனில் எடுத்ததாம். அந்த ஆட்டம். சிரிப்புப் பொம்மைகள் வேறு நாலு போட்டிருந்தாள். நான் என் காலைத்தான் முதலில் பார்த்தேன். ஐந்தாறு தடவை பார்த்த பிறகுதான் பின்னால் நடந்துகொண்டிருக்கும் உருவம் கண்ணில் பட்டது. வீடியோவில் காற்றும் கூச்சலும்தான், அந்தச் சத்தம் இல்லை. நான் எகிறுகிறேன். எல்லோரும் பந்தைப் பார்க்கிறார்கள். அக்கா எனக்கு நாலடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார். என் கால் தரையில் பட்டதும், நான் விழவில்லை, முகம் கூடச் சுளிக்கவில்லை, அவர் சட்டென்று நிற்கிறார். திரும்புகிறார். கை வாய்க்குப் போகிறது. பிறகு குந்திக் கேட்கிறார், நான் இல்லையென்று தலையாட்டுகிறேன். எழுந்தவர் உடனே நடுவரைப் பார்க்கவில்லை. முதலில் சுவரோரத்து நாற்காலியைப் பார்க்கிறார்.

அன்றிரவும் மறுநாளும் அதையே ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அகரம் எழுதக் கொடுத்துவிட்டு மேசைக்கடியில் வைத்துப் பார்த்தேன். அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். பழைய தோட்டத்தில் விசாரித்து அக்கா இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, சனிக்கிழமை பஸ் ஏறினேன். பூண்டுலோயா போகும் வரை என்னென்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் நான் அவரிடம் பேசுகிறேன் என்று நினைத்து இரண்டு தடவை என்னவென்று கேட்டார்.

அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், எதிர்பார்த்தபடியே, முதலில் காலைப் பார்த்தார். அவர் வீட்டுக்கு ஏறும் படிகளை நான் ஒவ்வொன்றாக, நல்ல காலை முன்வைத்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சுகம் விசாரிக்கவில்லை. போனை நீட்டினேன்.

பார்த்தார். “இந்தா, ஒத்தக் கால்ல எறங்குறே பாரு. முட்டி உள்ள போகுது. எத்தன தரம் படியில குதிக்க வச்சேன்” என்று கோபப்பட்டார். எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது. பின்னால பாருங்கக்கா என்றேன். மறுபடி போட்டேன். வீடியோ முடிந்து திரை இருண்ட பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“எனக்கும் கேட்டுச்சு தங்கச்சி” என்றார். “அந்த ஆளு உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இன்னும் நாலு பந்துதானேன்னு நெனச்சேன். நீயாவது இந்தக் கொழுந்துக் கூடையத் தூக்காம போயிரணும்னு நெனச்சேன். நீ ஆமான்னு சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பேன். நீ இல்லேன்னு சொல்லணும்னே கேட்டேன்.”

“நான் மன்னிப்புக் கேட்டேனேக்கா. அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே.”

“வாய் வரல.”

நான் கொண்டுபோன கேள்விகள் நிறைய இருந்தன. பன்னிரண்டு வருடம் என் தலையில் இருந்ததில் பாதி உங்களுடையது என்று கத்தவேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஆனால் நான் பொய் சொன்னதும் பொய்தானே. அவர் அதை வாங்கிக்கொண்டார், நான் கொடுத்தேன். எனக்குக் கோபம் போகவில்லை, இன்றுவரை முழுதாகப் போகவில்லை. அழுகையும் சேர்ந்து வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா எழுந்து வந்து என் முன்னால் குந்தினார், அன்று குந்திய மாதிரியே. பாவாடைக்கு மேலாக முட்டியை இரண்டு கையாலும் பிடித்தார். ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் மடக்கி வைத்திருந்ததில் அது உப்பியிருந்தது.

“வலிக்குதா?”

“இல்லக்கா” என்றேன்.

அவர் கையை எடுக்காமல் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

“பொய் சொல்லாத” என்றார்.

அன்றைக்கு அந்தக் கோட்டோரத்தில் அவர் சொல்லியிருக்கவேண்டியது இந்த ஒரு வார்த்தைதான். ஆமாக்கா, வலிக்குது, ரொம்ப வலிக்குது என்றேன். அக்கா என்னைப் படியில் உட்காரவைத்து, ஒரு கொழுந்துச் சாக்கைச் சுருட்டிக் காலுக்கடியில் கொடுத்துவிட்டு, ஐஸ் பக்கட் வாங்கக் கடைக்குப் போனார்.